குட்டை நெல்லுக்கு ஏன் இவ்வளவு யூரியா? செல்லுக்குள் நடக்கும் ஹார்மோன் பேரம்

பழைய நெல் ரகங்களுக்கு உரத்தை அள்ளிப் போட்டால் பயிர் நெடுநெடுவென வளரும். கதிர் முற்றியதும் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகம் இந்தத் தலைவலியைத் தீர்த்தது. ஆனால் இன்னொன்று சேர்ந்து வந்தது: நைட்ரஜன் உரம் நிறைய இட்டால்தான் முழு விளைச்சல். இந்த இரண்டிலும் ஒரே புரதத்துக்குப் பங்கு உண்டு.

பிரேக் போடும் டெல்லா

செடியை உயரமாக்கும் ஹார்மோன் ஜிப்ரெலின். அது செய்வது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் வேலை அல்ல, பிரேக்கை விடுவிக்கும் வேலை. அந்த பிரேக்தான் செல்லின் உட்கருவில் இருக்கும் 'டெல்லா' புரதம். ஜிப்ரெலின் தன் ஏற்பியில் ஒட்டியதும், இரண்டும் சேர்ந்து டெல்லாவைப் பிடித்துக்கொள்ளும். செல்லின் கழிவு அகற்றும் அமைப்பு அதை உடைத்துவிடும். பிரேக் போச்சு, செடி உயரும்.

ஐ.ஆர்.8-ல் ஜிப்ரெலின் தயாரிப்புக்கான ஒரு மரபணு பழுது. ஹார்மோன் குறைந்தது, டெல்லா தேங்கியது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஹார்மோன் இருந்தும் டெல்லா உடையாது. முடிவு என்னவோ ஒன்றுதான்: குட்டைத் தண்டு.

வளர்வதா, சண்டை போடுவதா?

டெல்லா உயரத்தோடு நிற்பதில்லை. பூச்சி கடித்தால் செடியில் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் சுரக்கும். அதன் எதிர்ப்பு வேலையை 'ஜாஸ்' என்ற புரதங்கள் அடக்கி வைக்கும். டெல்லா இருந்தால் ஜாஸ் புரதங்களை மடக்கிக்கொள்ளும், எதிர்ப்பு எளிதாகும். டெல்லா உடைந்தால் வளர்ச்சி கூடும், எதிர்ப்பு தளரும். அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் இது உறுதியாகியிருக்கிறது.

உரச் செலவு எங்கிருந்து வருகிறது?

நைட்ரஜனை உறிஞ்சும் மரபணுக்களை இயக்குவது ஜி.ஆர்.எஃப்.4 என்ற புரதம். டெல்லா அதையும் தடுக்கிறது. அதனால்தான் குட்டை ரகம் உரத்தை மந்தமாக எடுக்கிறது. பயிர் எடுக்காத நைட்ரஜன் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்கிறது, காற்றில் நைட்ரஸ் ஆக்சைடாகக் கலக்கிறது. இந்த வாயு, எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

தீர்வு இருக்கிறதா? 2018-ல் 'நேச்சர்' இதழில் வெளியான சீன அறிவியல் அகாடமி விஞ்ஞானிகளின் ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. டெல்லாவைத் தொடாமல், ஜி.ஆர்.எஃப்.4-ன் அளவை மட்டும் உயர்த்தினார்கள். பயிர் குட்டையாகவே நின்றது, நைட்ரஜன் உறிஞ்சுவது கூடியது. அடுத்த தலைமுறை நெல்லுக்குக் குட்டைத் தண்டு மட்டும் போதாது, உரத்தை வீணாக்காத வேரும் வேண்டும்.