விவாகரத்து வழக்கும் வீண்பழியும்

நீதிமன்ற அழைப்பாணையோடு வந்து சேர்ந்த முறைப்பாட்டை முதன்முறை வாசிப்பவர், அதில் வருணிக்கப்பட்டிருக்கும் மனிதர் தாமோ என ஐயுறுவதுண்டு. பத்தாண்டு, இருபதாண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த துணைவர் எழுதுவித்த அப்பத்திரத்தில், செய்தறியாத கொடுமைகளும் கனவிலும் கருதாத தொடர்புகளும் இலக்கமிட்டு வரிசையாக நிற்கும். கோபமும் வெட்கமும் திகைப்பும் ஒருங்கே தாக்கும் வேளை அது. அவ்வேளையில் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களே பின்னர் வழக்கைக் கெடுத்துவிடுகின்றன. ஆதலால், பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் எங்ஙனம் நடந்துகொள்ளல் வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் இக்குற்றச்சாட்டுகள் பிறக்கும் இடத்தை அறிதல் நன்று. எமது நாட்டின் பொது விவாகங்களுக்குரிய 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே வகுத்தது. விவாகத்தின் பின் நிகழ்ந்த சோரம் ஒன்று. வன்மத்தோடு கைவிட்டுச் செல்லுதல் இன்னொன்று. விவாகத்தின்போதே இருந்த, தீர்க்கவியலாத தாம்பத்தியத் தகுதியின்மை மூன்றாவது. "எமக்குள் ஒத்துவரவில்லை" என்பது இப்பட்டியலில் இல்லை. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலுங்கூட, ஒருவர் மற்றவரைக் குற்றவாளி என்று கூறியே ஆகவேண்டும். இருவரும் கலந்து பேசிக் கதை புனைந்து வருவதையும் சட்டம் அனுமதிப்பதில்லை! இதே தீவில், 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் மணந்தவர்கள் பரஸ்பர சம்மதத்தின்பேரில் பிரியலாம். இங்கிலாந்திலும் 2022 ஏப்ரல் 6 முதல் ஒருவர்மீது ஒருவர் குற்றஞ் சுமத்தாமலே விவாகரத்துப் பெற முடிகின்றது. எம்மவர் பெரும்பாலோருக்கோ 1907 ஆம் ஆண்டுச் சட்டமே வழி. மூன்று காரணங்களுக்குள் அடங்காத துயரத்தை அவற்றுள் அடக்க முனையும்போது உண்மை நீள்வதும், வளைவதும், சிலவேளை முற்றாகக் கைவிடப்படுவதும் வியப்பன்று.

இதனை அறிந்தால் நெஞ்சின் எரிச்சல் சற்றே தணியும். முறைப்பாட்டிலுள்ள ஒவ்வொரு கடுஞ்சொல்லும் துணைவரின் உள்ளத்திலிருந்து வந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பொய்யைப் பதிலின்றி விடலாகாது.

பழிக்கு ஆளானவர் தீக்குளித்துத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சீதையின் கதை. நீதிமன்றத்தின் முறை அதுவன்று. ஒன்றை உண்டென்று கூறுபவரே அதனை எண்பிக்க வேண்டும் என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை விதி. சோரம் நிகழ்ந்ததென்று கூறும் வழக்காளியே அதற்குச் சான்று காட்ட வேண்டும். ஊராரோ எக்காலத்திலும் தீக்குளியலையே கேட்கின்றனர். அவர்களிடம் வீடு வீடாகச் சென்று நியாயம் கூறப் புறப்பட்டவர் களைத்துப்போவாரேயன்றி வெல்லார். பதில் கூறவேண்டிய இடம் நீதிமன்றமே.

அப்பதில் எழுத்தில் அமைய வேண்டும். சட்டத்தரணியின் துணையோடு அணியஞ்செய்யப்படும் மறுமொழியில், முறைப்பாட்டின் பந்திகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இதை ஏற்கிறேன், இதை மறுக்கிறேன் எனத் தனித்தனியே கூறல் வேண்டும். "எல்லாம் பொய்" என்ற ஒரே வரி போதாது. மறுக்காது விட்ட கூற்று ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்பட இடமுண்டு. உண்மையானதை ஏற்கவும் தயங்கலாகாது. ஒரு நாள் வாய்த்தர்க்கம் நடந்தது மெய்யாயின் அதை ஒப்புக்கொள்பவரின் ஏனைய மறுப்புகள் கனம் பெறும். அவமானத்தால் வழக்குக்கே செல்லாதிருப்பதுதான் எல்லாவற்றிலும் பெருந்தவறு. எதிராளி வராவிடின் வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்படும். பொய்யை மறுக்க அங்கு ஆளிராது. பணவசதியற்றோர் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எம்மவர் வழக்குகளில் அதிகம் எழுவது கைவிட்டுச் சென்றார் என்ற குற்றச்சாட்டாகும். இதனைச் சற்று விரிவாக நோக்குதல் பயன்தரும். வெறுமனே பிரிந்திருத்தல் இக்குற்றமாகாது. இல்லறத்தை முறித்துவிட வேண்டும் என்ற எண்ணமும் அதனோடு கூடியிருத்தல் வேண்டும். குடும்பத்துக்காக மத்திய கிழக்கில் உழைத்துக்கொண்டிருக்கும் கணவனையோ மனைவியையோ எண்ணிப் பாருங்கள். போரினாலும் இடப்பெயர்வாலும் ஆண்டுக்கணக்கிற் பிரிந்திருந்த குடும்பங்கள் எத்தனை! பிரிவு அங்கே இருந்தது. கைவிடும் எண்ணம் இருக்கவில்லை. அவ்வெண்ணம் இல்லை என்பதை எதனாற் காட்டுவது? மாதந்தோறும் அனுப்பிய பணத்தின் வங்கிப் பற்றுச்சீட்டுகளால், பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குரிய சீட்டுகளால், "எப்போது வருவாய்" என வினவி எழுதிய கடிதங்களால், கைப்பேசிச் செய்திகளால். நாம் குப்பையென வீசும் காகிதங்களே அங்கு வாய்திறந்து பேசும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடியிருக்கும் வீடு பெரும்பாலும் மனைவியின் சீதன வீடாயிருக்கும். பிணக்கு முற்றியதும் வெளியேறுபவர் கணவரே. அதனால் மட்டும் அவர் கைவிட்டவராகிவிடார். அவ்வாறே அடிதாங்காது தாய்வீடு சென்ற மனைவியும் கைவிட்டவளாகாள். வாயிலைத் தாண்டியவர் யார் என்பதோடு நில்லாது, வீட்டில் வாழ முடியாத நிலையை உண்டாக்கியவர் யார் என்பதையும் சட்டம் வினவுகின்றது. உண்டாக்கியவரே கைவிட்டவராகக் கருதப்படலாம். வெளியேறிய நாள், காரணம், உடனிருந்தோர் ஆகியவற்றை நினைவு மங்குமுன் ஒரு கொப்பியிற் குறித்து வைப்பது நன்று.

சோரப் பழி இன்னுங் கொடியது. அதில் மூன்றாம் ஒருவர் பெயரும் இழுபடும். நீதிமன்றம் விலக்களித்தாலன்றி அவரையும் வழக்கில் எதிராளியாகச் சேர்க்க வேண்டும். ஆக, ஒரு பொய் இரு குடும்பங்களைச் சுடுகின்றது. இவ்விடயத்தில் நேரிற் கண்ட சாட்சி கிடைப்பது அரிது. ஆகவே விருப்பமும் வாய்ப்பும் இருந்தனவா எனச் சூழ்நிலைகளைக் கொண்டு மன்று ஆராயும். வெறுஞ் சந்தேகம் போதாது. கோபத்தில் "பிள்ளையும் என்னுடையதன்று" என்று கூறிவிடுவாரும் உளர். விவாகம் நிலைத்திருந்த காலத்தில், அல்லது அது முடிந்து 280 நாட்களுள் தாய் மறுமணஞ் செய்யாதிருக்கையில், பிறந்த பிள்ளை அக்கணவனின் பிள்ளையே என்பதற்கு அப்பிறப்பே முடிவான சான்றாகும் எனச் சான்றுக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. கணவனும் மனைவியும் கூடியிருக்க இடமே இருக்கவில்லை, அல்லது கணவனுக்கு ஆண்மை இருக்கவில்லை என எண்பித்தாலன்றி அது அசையாது.

வன்முறை பற்றிய முறைப்பாடு வேறு வகையானது. வீட்டுக்குள் அடிபடும் பெண்கள் பலர் வாய்திறப்பதேயில்லை; ஆகவே அத்தகைய முறைப்பாட்டைப் பொய்யென்று தள்ளிவிடும் மனப்பான்மை எமக்கு உடன்பாடன்று. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம்; விசாரணை பதினான்கு நாட்களுள் நடைபெற வேண்டும். குற்றமற்றவரும் அக்கட்டளைக்கு எழுத்துப் பிசகாது பணிதல் வேண்டும். "நான் செய்யாத குற்றத்துக்கு ஏன் விலகி நிற்பது?" என்று வீட்டு வாசலிற் போய் நிற்பவர், இல்லாத குற்றத்துக்குப் பதிலாக உண்மையான ஒரு குற்றத்தைத் தாமே செய்கின்றார், கட்டளையை மீறுதல் தண்டனைக்குரியது.

சான்று தேடும் ஆவலிலும் நிதானம் வேண்டும். துணைவரின் கைப்பேசியையோ மின்னஞ்சலையோ அனுமதியின்றித் திறப்பவர், 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்கு இலக்காக நேரலாம். முகநூலில் எழுதிய வசை, இரவு பன்னிரண்டு மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய மிரட்டல் ஆகியன எதிர்த்தரப்பின் கோவையிற் சேரும் சான்றுகளாகும். பொய்க்குப் பொய் சொல்லிப் பழிதீர்க்க முனைபவருக்கும் ஒன்று கூறுவோம். நீதிமன்றில் அறிந்தே பொய்ச் சாட்சி கூறுதல் தண்டனைச் சட்டக்கோவையின்படி ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் குற்றச்சாட்டு எண்பிக்கப்படாமற் போவது வேறு, அது திட்டமிட்ட பொய்யென நிலைநாட்டப்படுவது வேறு. வழக்கில் வென்ற மறுநாளே துணைவர் சிறைக்குப் போவார் என எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

எஞ்சியிருப்பது பிள்ளைகளின் நிலை. தாயைப் பற்றித் தந்தையும், தந்தையைப் பற்றித் தாயும் எழுதுவித்த பத்திரங்கள் வீட்டு மேசையிற் கிடக்கையில், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளை அவற்றை வாசித்துவிடும். அவற்றைப் பூட்டி வையுங்கள். இயலுமாயின் சட்டத்தரணியிடமே விட்டுவிடுங்கள். பிள்ளை தானாகவே கேட்டால், "அம்மாவும் அப்பாவும் நீதவான் ஐயாவிடம் பேசித் தீர்க்கப் போகிறோம், உன்னால் வந்ததன்று" என்ற அளவிற் கூறுங்கள். பேரப்பிள்ளையை அருகிலிருத்தி மருமகனின் குற்றங்களையோ மருமகளின் குற்றங்களையோ எண்ணிக் காட்டும் பாட்டன் பாட்டியருக்கும் இதைச் சொல்லி வைத்தல் அவசியம். வழக்குத் தவணை நாளில் பிள்ளை வழமைபோற் பாடசாலைக்குச் செல்லட்டும்.