ஆல்கஹால்கள்: எரிபொருளும் மருந்தும் நஞ்சும்

புனே நகரை அடுத்துப் பவனா ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிஞ்ச்வட், பக்கத்து ஊரான பிம்ப்ரியுடன் இணைந்து 1982-ல் மாநகராட்சியாயிற்று. இப்பகுதியை வளர்த்தவற்றுள் மருந்துத் தொழிலும் மோட்டார் தொழிலும் முக்கியமானவை. 1954-ல் மத்திய அரசு பிம்ப்ரியில் நிறுவிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் மறு ஆண்டே பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கிற்று. பின்னர் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகளும் பெருகின.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதன போல் தோன்றும் இவ்விரு தொழில்களையும் ஒரு வேதிப்பொருள் குடும்பம் இணைக்கின்றது. அதுவே ஆல்கஹால். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும், என்ஜினைக் குளிர்விக்கும் நீரில் சேர்க்கும் கிளைக்காலும், மருந்துப் பாகில் சேரும் கிளிசராலும், கை கழுவும் கிருமிநாசினியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கள்ளச்சாராயத்தில் கலந்து உயிரைக் குடிக்கும் மெத்தனாலும் இதைச் சேர்ந்ததுதான். எனவே ‘ஆல்கஹால்’ என்ற பொதுப்பெயரை மட்டும் அறிவது போதாது. எந்த ஆல்கஹால் என்பதை அறிவது தொழிலுக்கும் மக்கள் நலனுக்கும் இன்றியமையாததாகும்.

அமைப்பும் பெயரும்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன் ஒன்றில் ஒரு ஹைட்ரஜன் அணுவை நீக்கி, அவ்விடத்தில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதியை வைத்தால் ஆல்கஹால் கிடைக்கும். ஆல்கஹாலின் பண்புகளில் பெரும்பாலானவை இத்தொகுதியிலிருந்தே பிறக்கின்றன.

பெயரிடும் முறையும் எளியதே. முன்பு ஒவ்வொரு பொருளும் கிடைத்த இடத்தைக் கொண்டே பெயர் பெற்றது. மரத்தைக் காற்றின்றிச் சூடாக்கிப் பெற்றதற்கு மரச்சாராயம் என்று பெயர். இதனால் விளைந்த குழப்பத்தைப் போக்க 1892-ல் ஜெனீவாவில் கூடிய வேதியியலார் ஒழுங்கான முறை ஒன்றை வகுத்தனர். அதன் வழிவந்த இன்றைய முறைப்படி, மூல ஹைட்ரோகார்பனின் பெயரோடு ‘ஆல்’ என்ற ஈறு சேர்கின்றது. ஒரு கார்பன் கொண்ட மீத்தேனிலிருந்து மெத்தனால். இரண்டு கொண்ட ஈத்தேனிலிருந்து எத்தனால். மூன்று கொண்ட புரொப்பேனிலிருந்து புரொப்பனால். ஹைட்ராக்சில் எந்தக் கார்பனில் உள்ளது என்பதை எண்ணால் குறிப்பர். கிருமிநாசினியாகப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் முறையான பெயர் 2-புரொப்பனால்.

ஹைட்ராக்சிலைத் தாங்கும் கார்பனோடு வேறு எத்தனை கார்பன்கள் இணைந்துள்ளன என்பதைப் பொறுத்து ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய ஆல்கஹால் எனப் பிரிப்பர். ஹைட்ராக்சில் தொகுதிகளின் எண்ணிக்கையைக் கொண்டும் பாகுபாடு உண்டு. எத்தனாலில் ஒன்று, எத்திலீன் கிளைக்காலில் இரண்டு, கிளிசராலில் மூன்று.

நீரோடு உள்ள உறவு

சமையல் எரிவாயுவில் அடங்கிய புரொப்பேனின் மூலக்கூறு எடை 44. எத்தனாலின் எடை 46. எடையில் வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் புரொப்பேன் சுழிக்குக் கீழே 42 பாகை செல்சியஸிலேயே ஆவியாகின்றது. எத்தனாலோ 78 பாகையில்தான் கொதிக்கின்றது. ஒரு மூலக்கூறின் ஹைட்ராக்சிலில் உள்ள ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இப்பற்றுதலை விடுவிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும்.

நீர் மூலக்கூறுகளும் இவ்வாறே பிணைவதால் மெத்தனால், எத்தனால், புரொப்பனால் ஆகியவை நீரில் எந்த அளவிலும் கலக்கும். கார்பன் சங்கிலி நீள நீள, நீரை விலக்கும் பகுதி மேலோங்கிக் கரைதிறன் குறையும்.

சாராய ஆலைக்கு இவ்வுறவு ஒரு தலைவலி. கரும்பாலைக் கழிவுப்பாகில் ஈஸ்ட்டைச் சேர்த்து நொதிக்கவிட்டால் சர்க்கரை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் எத்தனால் வரவேண்டும். இதைக் காய்ச்சி வடித்தால், எடையில் சுமார் 95.6 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை ஏறாது. எஞ்சிய நீரும் சேர்ந்தே ஆவியாகும். நீரை மட்டும் உறிஞ்சும் மூலக்கூறுச் சல்லடைகளின் வழியே ஆவியைச் செலுத்திய பின்னரே பெட்ரோலில் கலக்கத்தக்க எத்தனால் கிடைக்கின்றது. பெட்ரோல் தொட்டியில் நீர் புகுந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டு நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். விற்பனை நிலையங்களில் தொட்டிகளை ஈரமின்றிக் காக்க வேண்டியதன் காரணம் இதுவே.

முக்கிய வினைகள்

அமிலத்துடன் ஆல்கஹால் வினைபுரிந்து நீரை வெளியேற்றினால் எஸ்டர் உண்டாகும். பியூட்டனாலும் அசெட்டிக் அமிலமும் சேர்ந்து தரும் பியூட்டைல் அசெட்டேட், பெனிசிலினை நொதிநீரிலிருந்து பிரித்தெடுக்க உதவும் கரைப்பான்களுள் ஒன்றாகும். அடர் கந்தக அமிலத்துடன் எத்தனாலைச் சுமார் 170 பாகைக்குச் சூடாக்கினால் நீர் நீங்கி எத்திலீன் கிடைக்கும். சுமார் 140 பாகையில் ஈதர் கிடைக்கும். பொருள்கள் மாறவில்லை, வெப்பநிலை மாறியதால் விளைபொருள் மாறுகின்றது.

ஆக்சிஜனேற்றம் மனித உடலிலும் நடைபெறும் வினையாகும். ஓரிணைய ஆல்கஹால் முதலில் ஆல்டிஹைடாகவும் பின்னர் அமிலமாகவும் மாறும். ஈரிணைய ஆல்கஹால் கீட்டோனாகும். மூவிணைய ஆல்கஹால் எளிதில் மாறுவதில்லை. எத்தனால் கல்லீரலில் அசெட்டால்டிஹைடாகி, முடிவில் காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலமாகின்றது. அதை உடல் பயன்படுத்திக்கொள்ளும். மெத்தனாலோ அதே நொதியால் ஃபார்மால்டிஹைடாகிப் பின்னர் ஃபார்மிக் அமிலமாகின்றது. இவ்வமிலம் உடலில் தேங்கிக் கண் நரம்பைத் தாக்கும். இரத்தத்தின் அமிலத்தன்மையை உயர்த்தி உயிரையும் போக்கும்.

சிகிச்சையும் இவ்வேதியியலை ஒட்டியதே. அந்நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே விரும்பிப் பற்றும். ஆகவே மருத்துவமனையில் அளவறிந்து எத்தனாலையோ, நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ கொடுத்து, மெத்தனால் நஞ்சாக மாறாமல் தடுத்து வெளியேற்றுகின்றனர்.

எரிபொருளாக எத்தனால்

எத்தனால் எரியும்போது கரியமில வாயுவும் நீரும் வெப்பமும் உண்டாகின்றன. அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிதல் முழுமையடைகின்றது. ஆனால் அதே காரணத்தால் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. எனவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளின் மொத்த வெப்பம் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையும். அக்கலவைக்கென வடிவமைத்த என்ஜின், எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் எண்ணைப் பயன்படுத்தி இவ்விழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம். பழைய வாகனங்களில் ரப்பர்க் குழாய்களும் அடைப்பான்களும் தாங்குமா என்பதையும் கவனிக்க வேண்டும்.

நமது நாட்டில் 2003-ல் 5 விழுக்காட்டுக் கலப்புத் திட்டம் சில மாநிலங்களில் தொடங்கியது. 2013-14-ல் கலப்பு 1.5 விழுக்காட்டளவிலேயே இருந்தது. 2021 ஜூன் 5 அன்று புனேயில் மூன்று இடங்களில் முழு எத்தனால் விற்பனை நிலையங்கள் சோதனை முறையில் தொடங்கப்பட்டன. 2022 ஜூனில் 10 விழுக்காடும், 2025-ல் 20 விழுக்காடும் எட்டப்பட்டன. அன்னியச் செலாவணிச் சேமிப்பும், கரும்பு விவசாயிக்கு நிலுவையின்றிப் பணம் கிடைக்கும் வாய்ப்பும் இதன் ஆதாயங்கள்.

செலவையும் மறைக்கலாகாது. கரும்பு நீரை மிகுதியாக வேண்டும் பயிர். மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதிகளில் இக்கேள்வி கூர்மையானது. சர்க்கரை உற்பத்தி குறையலாம் என்ற அச்சம் எழுந்தபோது, 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2024 ஆகஸ்டில் அதைத் தளர்த்தியது. மக்காச்சோளத்தையும் அரிசியையும் பயன்படுத்தும்போது உணவு, தீவனம், எரிபொருள் ஆகியவற்றுக்கிடையே போட்டி எழுகின்றது. வேதிச் சமன்பாட்டில் இடம் பெறாத இவற்றைத் திட்டமிடுவோர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெயர் பிறழும்போது

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மும்பையின் மால்வணியில் 2015-ல் 100 பேருக்கு மேல் மாண்டனர். நிறத்திலும் மணத்திலும் இரு ஆல்கஹால்களும் ஏறத்தாழ ஒன்றே. நாவால் பிரித்தறிய இயலாது. ஒரே ஒரு கார்பன் அணுவின் வேறுபாடு பல குடும்பங்களின் ஆதாரத்தைப் பறித்துவிட்டது. இறந்தோருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள் என்பது இதன் பொருளாதார முகம்.

மருந்திலும் இவ்வாபத்து நேர்ந்துள்ளது. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தரப்பட்ட கிளிசராலில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்ததால் 14 பேர் இறந்தனர். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 2025-ல் இருமல் மருந்திலிருந்த அதே கிளைக்கால் குழந்தைகள் பலரைப் பலி கொண்டது. கிளிசரால் இனிப்பானது, தீங்கற்றது. டைஎத்திலீன் கிளைக்காலும் இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும். தொழிற்சாலைத் தரத்துக்கும் மருந்துத் தரத்துக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு இக்கலப்புக்குத் தூண்டுகோலாகின்றது.

தடுக்கும் வழிகள் அறியப்படாதவை அல்ல. வாயு நிறப்பிரிகை முறையால் மெத்தனாலையும் கிளைக்காலையும் ஆய்வுக்கூடத்தில் திட்டவட்டமாகக் கண்டறியலாம். உற்பத்தியாளர் வாங்கும் ஒவ்வொரு பீப்பாயையும், விற்பவர் தந்த சான்றிதழை மட்டும் நம்பாமல், பயன்படுத்துமுன் சோதிப்பது. மெத்தனாலின் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆலை முதல் கடைசிப் பயனாளி வரை கணக்கு வைப்பது. கொள்கலனில் பொதுப்பெயர் இன்றி முறையான பெயரை அந்தந்த மாநில மொழியில் எழுதுவது ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

சிஞ்ச்வட் போன்ற தொழில் நகரங்களின் பட்டறைகளிலும் கிடங்குகளிலும் இப்பொருள்களை நாள்தோறும் கையாள்வோர் பட்டதாரிகள் அல்லர். மெத்தனாலும் எத்தனாலும் ஒன்றல்ல என்பதும், கிளைக்காலின் இனிப்பு ஏமாற்றும் என்பதும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிப் பாடநூலில் உள்ள இச்செய்தி தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் தொழிற்சாலை வாயிலுக்கும் எட்டும்போதுதான் அதன் பயன் நிறைவேறும்.