எந்த ஆண்டுக் காடி?



பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அதை நட்ட ஆண்டைச் சொல்வார்கள். ஆண்டு தெரிந்துவிட்டால் பட்டை எப்படி இருக்கும், பால் எவ்வளவு இறங்கும், இன்னும் எத்தனை காலம் சீவலாம் என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கிவிடும். இன்றைய பேச்சும் ஆண்டைப் பற்றியதுதான். ஆனால் மரம் நட்ட ஆண்டு அல்ல. நாம் காடி என்று சொல்கிறோமே, அந்த மோட்டார் கார் பிறந்த ஆண்டு.

ஜோகூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலர் அங்கே கார்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், ஜாலான் புசார் வட்டாரத்தில் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாய் இருந்தன. இப்போது பட்டறைகள் பெரும்பாலும் காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் போன்ற இடங்களில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நண்பர்கள் கூடித் தேநீர் குடிக்கும்போது ஒரு பேச்சு எழும். "பழைய ஸ்போர்ட்ஸ் காடி ஒன்று வாங்கி, டர்போ பூட்டி, நானே தயார் செய்யப் போகிறேன்" என்பான் பையன். ஊரில் தாய் தகப்பனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வேண்டாம் என்று ஒரே சொல்லில் தடுப்பதைவிட, "எந்த ஆண்டுக் காடி, தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். பல வருடச் சேமிப்பு நிற்குமா கரையுமா என்பது அந்தக் கேள்விக்கு அவன் சொல்லும் பதிலில் இருக்கிறது.

முதலில் இயந்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரே பெயரில் பல வருடம் விற்கும் கார், எல்லா வருடமும் ஒரே கார் அல்ல. மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.5 என்ற சிறிய திறந்த காரை எடுத்துக்கொள்வோம். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 1.6 லிட்டர் இஞ்சின், பின்சக்கர இயக்கம், எடையும் குறைவு. கையில் ஸ்பானர் பிடித்தவர்கள் எல்லாருக்கும் பிடித்துப்போன கார்.

ஆனால் அதன் தொடக்க காலக் கார்களில் ஒரு குறை இருந்தது. இஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் முனையில் ஒரு பற்சக்கரம் பூட்டியிருக்கும். டைமிங் பெல்ட்டை இழுப்பது அதுதான். அந்த முனை குட்டையாக இருந்தது. பூட்டிய போல்ட் சற்றே தளர்ந்தாலும் சக்கரம் ஆடும். ஆட ஆட, அதைப் பிடித்திருக்கும் சாவிப் பள்ளம் தேயும். மண்வெட்டிக் காம்பில் ஆப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1991-ஆம் ஆண்டில் அந்த முனையைப் பலப்படுத்தினார்கள். பிறகு 1993-இல், அமெரிக்காவில் 1994 மாடல் என்று விற்ற காரில், 1.8 லிட்டர் இஞ்சின் வந்தது. அதோடு அடிச்சட்டத்துக்குக் கூடுதல் தாங்கு கம்பிகள், பெரிய பிரேக் தட்டுகள், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் பலமான பற்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்தன. டர்போ பூட்டி விசையைக் கூட்டினால் முதலில் அடி வாங்குவது அந்த டிஃபரன்ஷியல்தான். ஆகவே விசை ஏற்ற நினைப்பவனுக்கு 1993-க்குப் பிந்தைய கார் ஏற்றது. வெளியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்!

ஒரு மாடல் வெளிவந்த முதல் வருடத்தில் வாங்குபவர்கள் நிறுவனத்துக்காகச் சோதனை ஓட்டம் ஓட்டிக் கொடுக்கிறார்கள் என்றே நான் சொல்வேன். நடு வருடங்களில் குறைகளைத் திருத்துவார்கள். கடைசி வருடங்களில் கார் நன்றாகப் பழுத்திருக்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் புரோட்டான் விரா. 1993-இல் வந்த இந்தக் கார் தோட்டத்து லயங்களுக்கு முன்னால் எத்தனை நின்றன! அதன் உடல் மிட்சுபிஷி லான்சர் காரின் உடல்தான். மிட்சுபிஷி அதே தலைமுறை லான்சரில் 2 லிட்டர் டர்போ இஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் வைத்து எவல்யூஷன் என்ற பெயரில் 1992 முதல் பந்தயக் கார் செய்தது. இளைஞர்கள் எவோ என்பார்கள். அதனால்தான் முதல் மூன்று எவோக்களின் பாகங்களை ஜப்பானிலிருந்து பாதியாய் வெட்டி வரும் ஹாஃப் கட்டுகளில் தேடி வாங்கி, விராவில் பூட்டினார்கள். 1996-இல் வந்த நான்காவது எவோ அப்படியல்ல. உடல் புதிது, இஞ்சினையும் எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டார்கள். "எவோ பாகம் மலிவாய்க் கிடைத்தது" என்று ஆண்டு பாராமல் வாங்கியவர் கையில் கனமான இரும்பு மட்டும் மிஞ்சும். 2005-இல் வந்த ஒன்பதாவது எவோவைப் பட்டறைக்காரர்கள் இன்றும் தேடுவதற்குக் காரணம், இரும்பில் வார்த்த பழைய இஞ்சின் கடைசியாக இருந்தது அதில்தான். 2007-இல் வந்த பத்தாவதில் அலுமினிய இஞ்சின்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். சிங்கப்பூர் என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அங்கே காடியின் ஆயுளை எழுதுவது காகிதம்.

1990-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அங்கே கார் வைத்திருக்க சி.ஓ.இ. என்ற உரிமைச் சான்றிதழ் வேண்டும். அது பத்து வருடத்துக்குத்தான் செல்லும். பிறகும் ஓட்ட வேண்டுமானால் ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ புதுப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்ட முடியாது. புதுப்பிக்கும் கட்டணம் கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரி. அந்த ஏல விலை எப்படி ஆடும் தெரியுமா? சிறிய கார்களுக்கான பிரிவில் 2008 நவம்பரில் 2 வெள்ளிக்கு இறங்கியது. அதே பிரிவில் 2023 அக்டோபரில் 106,000 வெள்ளிக்கு ஏறியது. பெரிய கார்களின் பிரிவு அந்த மாதம் 150,000-ஐத் தாண்டியது. இஞ்சின் சக்தி கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் இந்தப் பெரிய பிரிவில்தான் விழும். பத்து வயதைக் கடந்த காருக்குச் சாலை வரியும் பத்து விழுக்காடு கூடும். பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி, பதினான்கு வயதைத் தாண்டினால் ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இருந்த பரிசோதனையும் வருடந்தோறும் என்று ஆகிவிடும்.

ஒரு பையனை எண்ணிக்கொள்ளுங்கள். சான்றிதழ் முடிய பதினான்கு மாதமே இருக்கும் காரை, விலை குறைவு என்று வாங்குகிறான். இஞ்சினுக்கும் டர்போவுக்கும் சேமிப்பைக் கொட்டுகிறான். பதினான்கு மாதம் கழித்து, பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அல்லது காரின் பதிவை நீக்க வேண்டும். பதிவை நீக்கும்போது அரசு திருப்பித் தரும் கழிவு எதிலும் அவன் டர்போவுக்குச் செலவழித்த பணம் சேராது. விலை குறைவாய் இருந்ததற்குக் காரணமே அந்தப் பதினான்கு மாதந்தான்.

ஜப்பானிலிருந்து நல்ல ஆண்டுக் காராகப் பார்த்து இறக்கலாமே என்று தோன்றும். முடியாது. மூன்று வயதுக்கு உட்பட்ட பழைய கார்களைத்தான் சிங்கப்பூரில் பதிவுக்குக் கொண்டுவரலாம். எனவே ஒரு குறிப்பிட்ட ஆண்டுக் காடி அங்கே எத்தனை உண்டோ, அத்தனைக்குள்தான் தேட வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. முப்பத்தைந்து வயது நிரம்பிய கார்களைப் பழம்பெரும் கார் என்று தனிப் பிரிவில் பதியலாம். வருடத்தில் 45 நாள் ஓட்டலாம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். முன்னே சொன்ன எம்.எக்ஸ்.5 காரில், குட்டை முனை இஞ்சின் கொண்ட 1989-ஆம் ஆண்டுக் கார் 2024-இலேயே அந்த வயதை எட்டிவிட்டது. இயந்திரம் தேறிய 1993-ஆம் ஆண்டுக் கார் 2028 வரை காத்திருக்க வேண்டும். பட்டறைக்காரன் தேர்ந்தெடுக்கும் ஆண்டு வேறாகவும், சட்டம் திறந்துவிடும் ஆண்டு வேறாகவும் இருக்கின்றன. பையன் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தானா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

மாற்றம் செய்வதற்கும் வரம்பு உண்டு. ரிம் மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு அனுமதி தேவையில்லை. இஞ்சின், புகைக்குழாய் போன்றவற்றை மாற்றச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். சில மாற்றங்களுக்கு அனுமதியே கிடையாது. மலேசியாவில் பத்து வருடக் கெடு இல்லை, பழைய விரா இன்றும் ஓடும். ஆனால் இஞ்சினை மாற்றினால் ஜே.பி.ஜே. அனுமதியும் பதிவில் திருத்தமும் அவசியம். மாற்றத்தை இன்சூரன்சுக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நடந்த அன்று இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

பையன் பிடிவாதமாய் இருந்தால், முதல் செலவை டயரிலும் பிரேக்கிலும் செய்யச் சொல்லுங்கள். டயரில் இருப்பது நாம் சீவிய பாலும்தானே! டர்போ பிறகு வரட்டும். காரைப் பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போகச் சொல்லுங்கள். பதிவுச் சான்றில் தயாரித்த ஆண்டு, முதலில் பதிந்த தேதி, சி.ஓ.இ. முடியும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். தயாரித்த ஆண்டும் பதிந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2005-இல் செய்த கார் 2006-இல் பதிவாகியிருக்கலாம். பாகம் வாங்கும்போது தயாரித்த ஆண்டைப் பார்க்க வேண்டும், பணம் கட்டும்போது பதிந்த தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு முன்மூடியைத் திறந்து, இஞ்சினில் பொறித்த எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்க்கட்டும். அது வரைக்கும் முன்பணம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.