பஞ்சாயத்து கூடுவதற்குள் வண்டி போய்விடும்

2020 பிப்ரவரியில் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் ஒரு காணொளி வெளியிட்டார். சின்னக் கைவண்டி ஒன்றில் 99 பழைய கைப்பேசிகளைப் போட்டு, பெர்லின் தெருவில் ஆற அமர இழுத்துக்கொண்டு நடக்கிறார். எல்லாவற்றிலும் கூகுள் மேப்ஸ் ஓடுகிறது. தெரு காலியாகக் கிடக்க, வரைபடத்தில் மட்டும் அது செக்கச்செவேலென்று நெரிசலைக் காட்டுகிறது. ஓர் ஆள் நூறு பேராக வேஷம் கட்டும் இந்த வித்தைக்கு, கணினிப் பாதுகாப்புத் துறையில் 'சிபில் தாக்குதல்' என்று பெயர்.

வண்டிகள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் வலையமைப்புகளை இந்த வேஷம் விடாமல் துரத்துகிறது. அதற்கான கருவி பொருத்திய கார், தன் இடத்தையும் வேகத்தையும் வினாடிக்குப் பத்து முறை வரை அறிவிக்கும். சில நூறு மீட்டருக்குள் இருக்கும் மற்ற கார்கள் அதைக் கேட்டுக்கொள்ளும். 'முன்னால் விபத்து' என்று ஒரு கார் சொன்னால் நம்பலாமா? சொன்னது யார் என்பதைச் சான்றிதழ் காட்டும். சொன்னது நிஜமா என்பதைக் காட்டாது. அதனால்தான் பிளாக்செயினைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்: யார் என்ன சொன்னார்கள், அது பலித்ததா என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும், பின்னால் யாரும் அழிக்க முடியாத ஒரு பேரேடு.

ஆனால் பேரேட்டில் ஒரு பக்கம் எழுத எல்லோரும் ஒப்ப வேண்டும். சிக்கலே அந்த ஒப்புதலில்தான். பிட்காயினில் ஒரு பக்கம் சேர ஏறத்தாழ 10 நிமிடம் ஆகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அதற்குள் 10 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். கணக்குப் புதிர் போட்டு மின்சாரத்தைத் தின்னும் அந்த முறை சாலைக்கு ஆகாது.

இன்னொரு வழி வாக்கெடுப்பு. கூட்டத்தில் சிலர் துரோகிகளாக இருந்தாலும் மற்றவர்கள் எப்படி ஒரே முடிவுக்கு வருவது என்ற கேள்வியை 1982-இல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் பைசாந்தியத் தளபதிகளின் கதையாகச் சொன்னார்கள். மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் 1999-இல் அதற்கு நடைமுறைக்கு ஒத்துவரும் தீர்வு ஒன்றைத் தந்தார்கள். ஒரு துரோகியைச் சமாளிக்க மொத்தம் நான்கு பேர் வேண்டும். மூன்று துரோகிகளுக்குப் பத்துப் பேர். புதிர் கிடையாது, மின்சாரமும் மிச்சம். ஆனால் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமும் இரண்டு சுற்றுப் பேசியாக வேண்டும். நான்கு பேர் என்றால் 24 செய்திகளில் முடிந்துவிடும். பத்துப் பேருக்கு 180. நூறு வண்டிகள் என்றால் 19,800! எதிரெதிரே 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு கார்கள், 300 மீட்டர் எட்டும் ரேடியோவில் பேசிக்கொள்ளக் கிடைப்பது சுமார் 11 வினாடி. பஞ்சாயத்து கூடி முடிப்பதற்குள் பாதிப் பேர் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பார்கள்.

ஆகவே இந்தத் துறையின் ஆராய்ச்சியில் பெரும்பகுதி, யாரைக் கேட்காமல் விடலாம் என்பதைப் பற்றியது. நகராமல் நிற்கும் சாலையோரக் கம்பங்களிடம் வாக்கை ஒப்படைக்கலாம். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிக்குத் தனிப் பேரேடு வைக்கலாம். எல்லோரும் எல்லோரிடமும் பேசாமல், தலைவர் ஒருவரே கையொப்பங்களைத் திரட்டி மொத்தமாகக் காட்டலாம். செய்திகள் சட்டென்று குறையும். இதுவரை நிஜம் சொல்லி நற்பெயர் எடுத்த வண்டிகளை மட்டும் குழுவில் சேர்க்கலாம்.

கடைசி வழி கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் யாரும் பின்தொடராதபடி வண்டிகள் தங்கள் அடையாளத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் இந்த வலையமைப்புகளின் அடிப்படை ஏற்பாடு. பெயரை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு நற்பெயர் சேர்வது எப்படி? பழைய பெயரின் மதிப்பெண்ணைப் புதிய பெயருக்கு ரகசியமாக மாற்றித்தரும் குறியாக்க வித்தைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கும் நேரம் செலவாகும். குழு சிறுத்தால் இன்னொரு ஆபத்து: பத்துப் பேர் கொண்ட குழுவைக் கவிழ்க்க நான்கு பேரை வளைத்தால் போதும்.

என்னைக் கேட்டால், 'பிரேக் போடு' என்ற எச்சரிக்கை பேரேட்டின் பக்கமே போகக் கூடாது. அது ரேடியோவில் நேராகப் போய்ச் சேரட்டும். சொன்னவர் யோக்கியரா என்ற விசாரணையைப் பேரேடு பிறகு சாவகாசமாக நடத்தலாம். அப்படி ஓர் ஏற்பாட்டில் வெக்கர்ட்டின் 99 கைப்பேசிகளும் மதிப்பெண் எதுவும் இல்லாமல் ஓரமாக நின்றிருக்கும். ஷோரூமிலிருந்து அன்று காலைதான் இறங்கிய புது வண்டியும் அவற்றின் பக்கத்திலேயே நிற்கும்.