புளூட்டோவை எடை போட உதவிய நிலா

நம் பூமிக்கு ஒரு நிலா உண்டு. செவ்வாய்க்கு இரண்டு. மிகத் தொலைவில் உள்ள சின்னஞ்சிறு உலகங்களுக்கும் நிலா உண்டா? உண்டு. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சூரியனிலிருந்து சராசரியாக 590 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது புளூட்டோ. 1930-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதன் எடை சரியாகத் தெரியவில்லை. பூமி அளவுக்குக் கனமாக இருக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அது ஒரு புள்ளிதான்.

1978 ஜூன் மாதம். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் புளூட்டோவின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். புள்ளியின் ஓரம் புடைத்திருந்தது. 'படம் சரியில்லை' என்று ஒதுக்கிய படங்கள் அவை. தொலைநோக்கி அசைந்தால் படம் இப்படி நீண்டு தெரியும்.

கிறிஸ்டி ஒன்றைக் கவனித்தார். அதே படத்தில் விண்மீன்கள் வட்டமாகவே இருந்தன. தொலைநோக்கி அசைந்திருந்தால் அவையும் நீண்டிருக்க வேண்டுமே!

பழைய படங்களையும் தேடி எடுத்தார். புடைப்பு சில படங்களில் மேலே இருந்தது. சிலவற்றில் கீழே இருந்தது. 6 நாள் 9 மணி நேரத்தில் அது புளூட்டோவை ஒருமுறை சுற்றியது. அது படத்தின் குறை அல்ல. அது ஒரு நிலா! அதற்குச் சாரன் என்று பெயர் வைத்தார்கள்.

நிலாவால் என்ன பயன்? புளூட்டோவைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பாருங்கள். வேகமாகச் சுற்றினால், கையால் கயிற்றைப் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். கோளுக்கும் நிலாவுக்கும் இடையே ஈர்ப்பு விசைதான் கயிறு. கனமான கோள் பலமாக இழுக்கும். நிலா வேகமாகச் சுற்றும். ஆகவே நிலாவின் தூரமும், அது சுற்றும் காலமும் தெரிந்தால் எடையைக் கணக்கிடலாம்.

கணக்கிட்டார்கள். புளூட்டோ நம் நிலாவை விடவும் லேசானது! பூமியின் எடைக்கு ஈடாக 450 புளூட்டோக்களுக்கு மேல் வேண்டும்.

2005 முதல் 2012 வரை புளூட்டோவுக்கு மேலும் 4 நிலாக்களைக் கண்டார்கள். 2005-இல் ஏரிஸ் என்ற தொலைதூர உலகத்துக்கும் ஒரு நிலா இருப்பது தெரிந்தது. அதை வைத்து ஏரிஸையும் எடை போட்டார்கள். அது புளூட்டோவை விடக் கனம். 2006 முதல் இவை இரண்டையும் குறுங்கோள்கள் என்று அழைக்கிறார்கள்.

யோசியுங்கள்: அந்தப் படங்களில் விண்மீன்களும் நீண்டு தெரிந்திருந்தால், கிறிஸ்டி என்ன முடிவுக்கு வந்திருப்பார்?