பட்டியலில் இல்லாத வண்டி

லிட்டில் இந்தியாவில் ரயிலேறிச் சிராங்கூனில் வட்டப் பாதைக்கு மாறும் அன்பர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் தொல்லை நினைவிருக்கும். ஓட்டுநரின்றிக் கணிப்பொறியின் ஆணைப்படி ஓடும் அவ்வண்டிகள், ஆகஸ்டு இறுதியில் திடீர் திடீரென நின்றன. பாதையோரக் கருவிகளோடு சமிக்ஞைத் தொடர்பு அறுந்தால் அவசரத் தடை தானே விழும். பயணிகளைக் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் தொடர்பு ஏன் அறுந்தது? நவம்பரில் தொல்லை மீண்டும் தலைகாட்டியது.

கணிப்பொறித் துறையில் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை. அளந்து பார்ப்போர்தாம் குறைவு. நவம்பர் 5-ஆம் நாள் அரசாங்கத் தரவு ஆய்வாளர்களான டேனியல் சிம், லீ ஷாங்சியன், கிளாரன்ஸ் இங் ஆகியோரிடம் நிகழ்ச்சிப் பட்டியலொன்று வந்தது. நாள், நேரம், இடம், வண்டி எண், சென்ற திசை ஆகியவையே அதில் இருந்தன. நேரவாரியாக எண்ணினர், இடவாரியாகவும் வண்டிவாரியாகவும் எண்ணினர். ஒன்றும் பிடிபடவில்லை.

பின்னர் மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய வரைபட முறையைக் கையாண்டனர். ஓர் அச்சில் நேரம், மற்றதில் நிலையங்கள். உடனே ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஒரு வண்டி நின்ற சற்று நேரத்தில் அதன் பின்னால் வந்த வண்டியும் நின்றிருந்தது! அப்படியாயின், எதிர்த்தடத்தில் செல்லும் ஏதோ ஒன்று, தான் கடக்கும் வண்டிகளை ஒவ்வொன்றாக முடக்குகிறது என்பதே பொருள். முடக்கும் வண்டி தான் நிற்பதில்லை. ஆகவே பட்டியலில் அது அகப்படவில்லை. நிரல் எழுதுவோர் நன்கறிந்த சங்கதிதான் இது: பிழை வெளிப்படும் இடம் வேறு, பிழை இருக்கும் இடம் வேறு.

இவ்வளவும் ஊகமே அன்றோ? அதனைச் சோதிக்க நிரலொன்று எழுதினர். 259 நிகழ்ச்சிகளுள் 189, அதாவது நூற்றுக்கு 73, ஊகத்தோடு பொருந்தின. பழைய ஓட்டப் பதிவுகளைப் புரட்டியபோது ஐயம் பி.வி. 46 என்ற வண்டியின்மேல் விழுந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லா நேரத்தில் அதனை ஓடவிட்டுப் பார்த்தனர். அருகிலிருந்த வண்டிகளின் தொடர்பு அறுந்தது.

கோளாறு அவ்வண்டியின் சமிக்ஞைக் கருவியில் இருந்தது. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நேர்ந்தவற்றுள் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவை அதனாலேயே விளங்கிவிட்டன. எஞ்சிய சிலவற்றையும் அதன் தலையில் கட்டிவிடாமல், வழக்கமாகவே அவ்வப்போது நேரும் தொடர்பிழப்பாகலாம் என்று ஆய்வாளர்கள் எழுதி வைத்ததுதான் எமக்கு மிகவும் பிடித்தது.