பழைய படைத்துவக்கின் மரத்தைப் புதுக்குதல்

நம் கல்லூரியின் மாணவர் படையணியிற் பயின்ற முதிய பழைய மாணவர் எவரைக் கேட்பினும், 'திறீ-நோட்-திறீ' என்னும் துவக்கைத் தோளிற் சுமந்து வெயிலில் நடந்த கதையைச் சொல்லாமல் விடார். ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையுள்ள அத்துவக்கு லீ-என்பீல்ட் வகையைச் சேர்ந்தது. 1907ஆம் ஆண்டிற் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் மாதிரி இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சிய துவக்குகளை அரசுகள் மலிந்த விலைக்கு விற்றன. அவ்வாறு விலைப்பட்ட ஒன்றன் மரப்பாகத்தைத் தூய்மை செய்து எண்ணெயிட்ட முறையையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

தமிழாசிரியனுக்குத் துவக்கோடு யாது தொடர்பு என வினவுவார் உளர். வினா நியாயமானதே. என் வயதினர் துவக்கின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர். அதனைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு வளர்ந்தவரல்லர். 2023ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாழும் என் தாய்மாமனார் வீட்டிற் சில வாரங்கள் தங்கினேன். அவரும் நம் கல்லூரிப் பழைய மாணவர், படையணியில் நடந்தவர். அந்நாட்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, தாம் இளமையிற் சுமந்ததைப் போன்ற துவக்கொன்றை வாங்கி வைத்திருந்தார். "தம்பி, எனக்குக் கை நடுங்குகிறது, உனக்குப் பொறுமை உண்டு. வந்து பிடி" என்றார். மறுக்க வாய் வரவில்லை.

அத்துவக்கு லித்கோ என்னும் ஊரிலே 1912ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில், 1942ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. இங்கிலாந்திற் செய்த துவக்குகளுக்கு வால்நட் மரமே பெரிதும் பயன்பட்டது. அம்மரம் அவுஸ்திரேலியாவில் எளிதிற் கிடையாமையால், அந்நாட்டுக் காடுகளில் வளரும் கோச்வூட் என்னும் இலேசான மரத்தை ஆண்டனர். அது வால்நட் அளவு வன்மையுடையதன்று. வெடிக்கும்போது இரும்பு பின்னோக்கி இடிக்கும் இடம் நசுங்கிவிடும். அதனைத் தடுக்கச் செப்புத் தகடுகளை அவ்விடத்திற் பதித்தனர். இன்னொரு செய்தி விளையாட்டுப் பிரியர்களுக்கு உவப்பாயிருக்கும். போர்க்காலத்தில் இம்மரப்பாகங்கள் பலவற்றைக் கடைந்து கொடுத்தது, டெனிஸ் மட்டைகளாற் பேர்பெற்ற ஸ்லாசெஞ்சர் நிறுவனம். அதன் சுருக்கப் பெயரும் ஆண்டும் மரத்திற் குத்தப்பட்டிருக்கும்.

குத்தப்பட்டிருந்தது என்று எழுதல் வேண்டும். நான் போய்ச் சேருமுன்னரே மாமனார் அரத்தாள் கொண்டு பின்கட்டையின் ஒருபுறத்தைத் தேய்த்துவிட்டார். பெயரெழுத்துக்கள் முற்றாக மறைந்து, '42' என்னும் எண் மாத்திரம் தேய்ந்து நின்றது. மேலும் ஒரு கேடு நேர்ந்திருந்தது. கட்டையின் அடியிலுள்ள பித்தளைத் தகடு மரத்தோடு ஒருமட்டமாய் இருக்கவேண்டியது. மரம் குறைந்ததனால் தகட்டின் விளிம்பு நகம்போல் வெளியே நீட்டி நின்றது. "பளபளப்பாய் வரட்டும் என்று நினைத்தேன்" என்றார் மாமனார். பளபளப்பு வேண்டுவோர் வார்னிஷும் பூசுவர். அதுவும் இத்துவக்குக்கு ஒவ்வாது. படையினர் இட்டது எண்ணெயே.

எனக்குச் சுவடி நினைவு வந்தது. 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களைப் போன்றோர் கையிற் பட்ட ஏடுகளும் அழுக்கேறி, ஓரம் முரிந்து கிடந்தவையே. ஏட்டைத் துடைத்துத் தைலமிடலாம். எழுத்துத் தெரியவில்லையென்று ஏட்டைச் சீவலாகாது. படைமரத்தின் வடுவும் முத்திரையும் அவ்வாறே எழுத்துக்களாம். ஆதலால் அரத்தாளை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். மாமனார் முகம் சிறிது சுருங்கியது; ஆயினும் வைத்தார்.

முதலிற் செய்ய வேண்டியது, துவக்கினுள் தோட்டா இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தல். அடுத்தது மரத்தைக் கழற்றுதல். இதில் ஓர் ஒழுங்கு உண்டு. அதனை மாற்றினால் மரம் பிளந்துபோம். பின்கட்டையை இரும்போடு இணைப்பது அதன் உள்ளே நீளமாகச் செல்லும் ஒரு திருகாணி. அதன் முன்முனை சதுரமாயிருந்து, முன்கட்டையின் பின்புறத்திலுள்ள ஒரு தகட்டிற் பொருந்திக்கிடக்கும். அது தானே தளராமல் இருத்தற்குச் செய்த உபாயம் அது. முன்கட்டையை அகற்றாமல் அவ்வாணியைத் திருப்பினால் சதுரமுனை சுழன்று முன்கட்டையைப் பிளக்கும். ஆகவே முன்கட்டையை முதலிற் கழற்றி, பின்னர்ப் பித்தளைத் தகட்டின் சிறுகதவைத் திறந்து, உள்ளே அடைத்திருக்கும் தோற்றுண்டை வெளியே எடுத்து, அதன்பின்பே ஆணியைத் தொடுதல் வேண்டும்.

மரத்தின் கருமை பெரும்பாலும் பழைய எண்ணெயும் தூசியும் கைவியர்வையும் சேர்ந்த படலமே. மினரல் டேர்பன்டைனில் நனைத்த மெல்லிய துணியாலும், இழைப்போக்கிலே மெதுவாக இழுத்த மிக நுண்ணிய உருக்குக் கம்பளியாலும் அது கரைந்து வந்தது. ஊறிப்போன எண்ணெய்க்கு, வெண்கட்டித் தூளைப் போன்ற நுண்ணிய சுண்ணத்தூளை அத்திரவத்திற் குழைத்துப் பூசி உலரவிட்டோம். தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளித்தது. துலக்கித் தட்டிவிட்டு மறுபடியும் பூசினோம். மும்முறை செய்தபின் மரத்தின் செம்மை தெரிந்தது. சிலர் அடுப்புக் கழுவும் காரத்தைப் பயன்படுத்துவர். அது அழுக்கோடு மரத்தின் நாரையும் அரித்துப் பஞ்சாக்கிவிடும்.

பள்ளங்களுக்கு ஆவி நல்லது. ஈரத்துணியைப் பள்ளத்தின்மீது வைத்து, சூடான மின்னழுத்தியாற் சில நொடி அழுத்தினால், நசுங்கிய நார் நீரையேற்றுப் பருத்து எழும். வெட்டுண்ட நாரை ஆவி எழுப்பாது. முத்திரை குத்திய இடத்திலே ஆவி படவே கூடாது. முத்திரையும் ஒரு பள்ளமன்றோ! அதுவும் எழுந்து மறைந்துவிடும். '42'இன் அருகே இருந்த ஆழமான வடுவொன்றை அதன்பொருட்டே விட்டுவைத்தோம்.

இனி எண்ணெய். கிரிக்கெட் ஆடியோர் மட்டைக்கிடும் ஆளிவிதை எண்ணெயை அறிவர். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்க இஃது ஏன் எனின், தேங்காயெண்ணெய் எத்தனை நாளாயினும் உலராது. நல்லெண்ணெய் பிசுபிசுப்பை விடாது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, மெல்லிய திண்படலமாய் இறுகும். நீர் ஆவியாகி உலர்வது போன்றதன்று இது. பச்சை எண்ணெய் இறுகப் பல நாள் எடுக்கும். 'காய்ச்சியது' என்று விற்கப்படுவதில் உலர்தலை விரைவுபடுத்தும் உலோக உப்புக்களைச் சேர்த்திருப்பர். சில துளிகளை உள்ளங்கையில் எடுத்து, மரம் கைச்சூடு ஏற்கும்வரை தேய்த்து, அரைமணி கழித்து மிச்சத்தை முற்றாகத் துடைத்தல் வேண்டும். துடையாது விட்டால் அது பசைபோல் ஒட்டி நிற்கும்.

இவ்விடத்தில் என் அறியாமையையும் எழுதிவிடுகிறேன். இரண்டாம் நாள், துடைத்த பழந்துணிகளைச் சுருட்டித் தகரவாளியொன்றில் இட்டு உணவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாளியிலிருந்து புகை எழுந்தது. எவரும் தீ மூட்டவில்லை. எண்ணெய் ஒட்சிசனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கும். விரித்த துணியாயின் அது காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் வெளியேற வழியின்றிக் கூடிக்கூடித் துணியையே பற்றவைக்கும். மரச்சுவர் வீடுகள் நிறைந்த ஊரில் அது யாதாய் முடிந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் உடல் கூசுகிறது. மட்டைக்கு எண்ணெயிடும் மாணவர் துணியை வெளியிலே ஒற்றையாய் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்துக.

நாளுக்கு ஒருமுறையாக ஏழு நாள் எண்ணெயிட்டோம். எரித்த சீனியின் வாசம்போல் மரத்திலிருந்து ஒரு மெல்லிய மணம் வந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள் பின்கட்டையை முதலிலும் முன்கட்டையைப் பின்னுமாகப் பூட்டினோம். மாமனார் அதனைத் தோளில் வைத்து, கல்லூரி மைதானத்தில் நிற்பவர்போல் ஒருகணம் நிமிர்ந்து நின்றார். பின்னர் இரும்புப் பெட்டகத்துள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டார். அரத்தாள் பட்ட இடம் மாத்திரம், ஏழு பூச்சின் பின்பும், சுற்றிலுமுள்ள மரத்தைவிட வெளிறியே இருந்தது.